கதவு உள்ள அறை கிடைத்தும் எழுத வரவில்லை: உங்கள் எழுத்துப் பழக்கங்களைச் சொல்லுங்கள்

ஸ்டோர்வீடு | ஞாயிறு, இரவு 11.52

வணக்கம். இங்கே நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று கேட்டே ஆகவேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். வேலை மணலி பக்கம் ஒரு சி.எஃப்.எஸ்.ஸில், அதாவது கன்டெய்னர் சரக்குக் கிடங்கில், டேலி கிளார்க். கன்டெய்னரைத் திறந்து சரக்கு இறக்கும்போது பக்கத்தில் அட்டையோடு நின்று எண்ண வேண்டும். நான்கு கோடு நேராக, ஐந்தாவது அவற்றின் மேல் குறுக்காக. அது ஒரு கட்டு. பகல் முழுக்கக் கட்டுக் கட்டாக எண்ணுகிற கை இரவில் கதை எழுதும்போதும் சும்மா இருப்பதில்லை. ஒரு பத்தி சரியாக வந்துவிட்டது என்று மனசு சொன்னால் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன். வராத பத்திக்குக் கோடு கிடையாது, அடித்துவிட்டு மறுபடி எழுத வேண்டும். ஒரு கட்டு விழுந்தால் அன்றைக்குப் போதும். ஆறாவது பத்தி தலைக்குள் தயாராக நின்றாலும் எழுந்துவிடுவேன்.

எழுதுவது பழைய டேலி ஷீட்டின் பின்பக்கத்தில், நீல ரெனால்ட்ஸ் பேனாவில். வெள்ளைத் தாளில் எனக்கு வராது. மச்சினன் நல்ல டைரி ஒன்று வாங்கித் தந்தான், அதில் மூன்று வருடமாகப் பால் கணக்குதான் இருக்கிறது. கதையின் முடிவை மட்டும் வீட்டில் எழுதியதே இல்லை. கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறுவேன். எண்ணூர் தாண்டிக் கழிமுகப் பாலத்தில் சக்கரத்தின் ஓசை மாறும். அந்த இடத்தில் கடைசி வரி வந்தால் வரும். வராவிட்டால் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி, எதிர் ரயிலில் திரும்பும்போது இன்னொரு முறை பார்ப்பேன்.

நாங்கள் இருந்தது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீட்டின் மாடியில். எட்டுக் குடித்தனம், ஒரு அடிபம்பு. எங்களுக்கு ஒரே அறை, அதில் ஒரு தடுப்பு வைத்துச் சமையல். அம்மா, மனைவி, மகள் மூன்று பேரும் படுத்துவிட்டால் விளக்குப் போட முடியாது. அதனால் வெளியே மேல்படியில், எங்கள் கதவை ஒட்டி, பொது பல்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுதுவேன். ஜன்னல் இல்லாத வீடு என்பதால் காற்றுக்காகக் கதவு பாதி திறந்தே இருக்கும். பத்துக் கதைகளில் ஒன்பது அந்தப் படியில் எழுதியவைதான்.

தை மாதம் மாதவரத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தோம். கடன்தான், ஆனால் சொந்த வீடு. அதில் ஒரு சின்ன அறையை எனக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். மேஜை, நாற்காலி, ஃபேன், கதவு எல்லாம் உண்டு. மகள் கதவில் ‘அப்பா எழுதுகிறார்’ என்று வண்ணப் பென்சிலில் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஐந்து மாதமாக நான் எழுதவில்லை. ஒரு கோடுகூட விழவில்லை. தினமும் அந்தக் காகிதத்தைத் தாண்டி உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வெளியே வருகிறேன். அவள் “எத்தனை கோடுப்பா?” என்று கேட்கும்போது பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பழக்கங்கள் எல்லாம் கதைக்குத் தேவையானவையா, இல்லை நானாகப் பிடித்துக்கொண்ட ஊன்றுகோலா? உங்களுக்கு என்னென்ன உண்டு? எதை விட்டீர்கள், விட்டபோது என்ன ஆயிற்று?

பெரம்பூர்தபால் | திங்கள், காலை 6.10

தம்பி, நான் ஆர்.எம்.எஸ்.ஸில், அதாவது ரயில்வே தபால் பிரிவில், 33 வருடம் ஸார்ட்டிங் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் துறைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆந்தனி டிரோலப். இங்கிலாந்துத் தபால் துறையில் அதிகாரி. தெருவோரத் தபால் பெட்டி 1852 இல் ஜெர்சி தீவில் வந்தது அவருடைய யோசனையால்தான். அதே மனிதர் 47 நாவல் எழுதினார்.

காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பார். எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வயதான வேலைக்காரருக்கு வருடத்துக்கு ஐந்து பவுண்டு தனியாகக் கொடுத்தார். முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதியதைப் படிப்பது. பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணி நேரத்துக்கு 250 சொல். அப்புறம் ஆபீஸ். வேலை நிமித்தம் ரயிலில் அலைய வேண்டியிருந்ததால் மடியில் வைத்து எழுத ஒரு பலகை செய்துகொண்டு பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் பார்த்துப் படியெடுத்தார். 1882 இல் அவர் இறந்து, மறு வருடம் சுயசரிதை வந்தபோது இதெல்லாம் வெளியே தெரிந்தது. இப்படிக் கணக்குப் பார்த்து எழுதியவன் கலைஞனா என்று பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அதைப் படித்த அன்றுதான் எழுதலாம் என்ற தைரியமே வந்தது.

உன் பழக்கத்தில் ஒன்றுதான் எனக்கு உறுத்துகிறது. “மனசு சொன்னால் ஒரு கோடு” என்கிறாய். மனசு என்றைக்குச் சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. நான் காலை நாலரைக்கு உட்காருவேன். பெரம்பூர் ரயில்வே லோகோ பட்டறைச் சங்கு ஊதும்போது பேனாவை மூடுவேன். நல்ல பத்தியோ கெட்ட பத்தியோ, அந்த நேரம் எழுத்துடையது. படியில் எழுதினாலும் பலகையில் எழுதினாலும் ஒன்றுதான். ஒரு மாதம் கடிகாரத்தை வைத்துப் பார்.

கொடுங்கையூர்வாசி | திங்கள், காலை 9.35

தபால் சார், மரியாதையோடு ஒன்று. சிறுகதை எழுத்தாளர் மௌனி மொத்தமாக எழுதியது இருபத்துச் சொச்சம் கதைதான். அதையும் திருத்தித் திருத்தி எழுதியவர். 47 நாவலையும் அந்த இருபத்துச் சொச்சத்தையும் ஒரே கடிகாரத்தால் அளக்க முடியாது. ஸ்டோர்வீடு அண்ணா அடித்துத் திருத்துகிற ஜாதி. அவருக்குக் கடிகாரம் உதவாது என்பது என் எண்ணம்.

காஜாபட்டன் | திங்கள், மதியம் 3.20

அண்ணா, நானும் அதே வண்ணாரப்பேட்டைதான். வீட்டில் காஜா மிஷின் போட்டிருக்கிறேன். எம்.சி. ரோடு கடைகளுக்குப் போகிற சட்டை, பீஸ் ரேட்டு. முன்பக்கம் ஆறு காஜா, கைக்கு ஒவ்வொன்று, காலருக்கு ஒன்று. என் கதைகள் எல்லாம் இந்த எண்ணிக்கைக்குள் பிறந்தவை.

மிஷின் ஓடும்போது எழுத முடியாது. கண்ணை எடுத்தால் துணி போய்விடும், துணி போனால் காசு போய்விடும். அதனால் ஒரு வாக்கியத்தை வெற்றிலை மாதிரி வாயில் அதக்கிக்கொள்வேன். ஒரு சட்டை முடிகிற வரை அதையே மென்றுகொண்டிருப்பேன். அடுத்த சட்டைக்கு அடுத்த வாக்கியம், ஆனால் முதலாவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பத்தாவது சட்டையில் பத்து வாக்கியமும் மனப்பாடம் ஆகியிருக்கும். சொல்லும்போது எந்த இடத்தில் நாக்கு தடுக்குகிறதோ அங்கே ஒரு சொல் தப்பு. மூன்று நாள் தொடர்ந்து தடுக்கினால் அந்த வாக்கியமே தப்பு.

மூன்று மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, புதுச்சட்டையை மடிக்கும்போது உள்ளே வைக்கிற அட்டை இருக்கிறதே, அதில் எழுதுவேன். முனை மடங்கியது, கறை பட்டது என்று கழித்துக் கட்டியவற்றை எனக்குத் தருவார்கள். ஒரு பக்கம் பளபளப்பு, மறு பக்கம் சாம்பல் நிறம். சாம்பல் பக்கத்தில்தான் பேனா பிடிக்கும். என் கதை எதுவும் ஆறு அட்டையைத் தாண்டியதில்லை. ஒரு சிற்றிதழ் ஆசிரியர், “உங்கள் கதைகள் ரொம்பக் கட்டுக்கோப்பாக இருக்கின்றன, எப்படிப் பழகினீர்கள்?” என்று கேட்டார். அட்டையை எடுத்துக் காட்டினேன்.

ஆரம்பத்தில் மாமியார் பயந்துவிட்டார். மருமகள் தனியாகப் பேசுகிறாள் என்று திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வேண்டிக்கொண்டார். பிறகு ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். திடீரென்று, “அந்த எடத்துல அவ அழமாட்டாடி, அடுப்ப அணைக்கப் போவா” என்றார். நான் மிஷினை நிறுத்திவிட்டேன். அவர் சொன்னதுதான் சரி. அன்றிலிருந்து என் கதை முதலில் போவது அவர் காதுக்குத்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். போன வருடம் ஆர்டர் இல்லாமல் ஒரு மாதம் முழுக்கச் சும்மா இருந்தேன். நேரம் கொட்டிக் கிடந்தது, ஒரு அட்டைகூட எழுதவில்லை. மிஷின் ஓடாததால் வாக்கியம் நிற்கவில்லை. சும்மா இருக்கும்போது மிஷினை வெறுமனே ஓடவிட்டும் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. கையில் துணி இருக்க வேண்டும், அது கெட்டுவிடக் கூடாது என்ற பயம் இருக்க வேண்டும். அந்தப் பயத்துக்குப் பின்னால்தான் என் கதை ஒளிந்துகொள்கிறது போல. உங்களுக்கும் படி, பல்பு, தாள் இதெல்லாம் மேலே தெரிகிறவை. அதற்கு அடியில் வேறு ஏதோ இருந்திருக்கும். அதைத் தேடுங்கள்.

தடைக்காலம் | திங்கள், இரவு 10.05

நான் காசிமேடு. விசைப்படகில் டிரைவர். வருடத்தில் 61 நாள் மட்டும் எழுத்தாளர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017 இல் 61 ஆக்கினார்கள். வருமானத்துக்கு அது பெரிய அடி. எழுதுவதற்கு 16 நாள் கூடக் கிடைத்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல மனசு கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கடலில் எழுத முடியாது. இன்ஜின் அதிர்வு, ஈரம், தூக்கமில்லாத கண். ஆனால் எல்லாம் தோன்றுவது அங்கேதான். அதனால் முடிச்சுப் போடுவேன். வலை தைக்கிற நைலான் நூலில் ஒரு முழம் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருப்பேன். ஒரு ஆள் தோன்றினால் ஒற்றை முடிச்சு. அந்த ஆள் பேசிய பேச்சு என்றால் பக்கத்திலேயே இரட்டை முடிச்சு. ஒரு இடம், ஒரு வெளிச்சம் என்றால் ஒரு சுருக்கு. கை இருட்டில் வேலை பார்த்துப் பழகியது, கண் தேவையில்லை. கரைக்கு வந்ததும் நூலை வீட்டில் ஆணியில் மாட்டிவிடுவேன்.

தடை தொடங்கி, படகைக் கரையேற்றிப் பெயிண்டு வேலை, வலை வேலை எல்லாம் ஓடும்போது, சாயங்காலம் ஒரு நூலை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு நுனியிலிருந்து தடவிக்கொண்டே வருவேன். விரல் முடிச்சைத் தொட்டதும் எட்டு மாதத்துக்கு முந்தைய அந்த இரவு வந்துவிடும், காற்று எந்தப் பக்கம் இருந்தது என்பது உட்பட. எழுதி முடித்தால் முடிச்சை அவிழ்ப்பேன். நினைவு வராத முடிச்சை அவிழ்க்க மாட்டேன். அப்படியே நிற்கிற நூல் வீட்டில் பதினொன்று இருக்கிறது. வீட்டுக்காரி அதைத் தூசி தட்டுவாள், தூக்கிப் போடமாட்டாள்.

ஸ்டோர்வீடு அண்ணா, ஐந்து மாதம் பெரிய விஷயமில்லை. எனக்கு வருடா வருடம் பத்து மாதம் அப்படித்தான் போகிறது. எழுதாத நாளில் உங்கள் கை எதையாவது முடிந்து வைத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்டோர்வீடு | திங்கள், இரவு 11.30

எல்லோருக்கும் நன்றி. தபால் ஐயா, நாளையிலிருந்து கடிகாரம் வைத்துப் பார்க்கிறேன். காஜாபட்டன் தங்கச்சி, “அடியில் வேறு ஏதோ” என்று நீங்கள் எழுதியதை ரெண்டு தடவை படித்தேன். என்ன என்று தெரியவில்லை. தடைக்காலம் தம்பி, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

கிளைநூலகம் | செவ்வாய், காலை 11.15

நான் எழுதுபவள் அல்ல. தண்டையார்பேட்டையில் 20 வருடமாக நூலகத்துக்குப் போய் வருகிற வாசகி. எழுத்தாளர்களின் வாழ்க்கைக் குறிப்பு எது கிடைத்தாலும் விடமாட்டேன். அப்படிப் படித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. நாம் விசித்திரம் என்று வியக்கிற பழக்கம் பலதும் இடமோ நேரமோ இல்லாத குறையில் தொடங்கியதுதான்.

அசோகமித்திரன் தி.நகரில் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில் உட்கார்ந்து எழுதியவர். அழகுக்காகப் போகவில்லை, வீடு சிறியது. டோனி மாரிசன் விடியும் முன் எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, இருட்டிலிருந்து வெளிச்சம் வருவதைப் பார்த்த பிறகே எழுதுவார். கேட்க ஏதோ சடங்கு போல இருக்கும். ஆனால் தொடங்கியது எதனால்? வீட்டில் சின்னக் குழந்தைகள், பகலில் பதிப்பகத்தில் ஆசிரியர் வேலை, பிள்ளைகள் “அம்மா” என்று கூப்பிடும் முன் கிடைத்த நேரம் அது ஒன்றுதான். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அந்த வெளிச்சம் அவருக்கு வேண்டியிருந்தது. அகதா கிறிஸ்டிக்கு எழுதுவதற்கென்று ஓர் அறை பல காலம் இல்லை. சாப்பாட்டு மேஜையோ படுக்கையறையில் முகம் கழுவ வைத்திருந்த சலவைக்கல் மேஜையோ போதும். புகைப்படம் எடுக்க வருகிறவர்கள் “எங்கே எழுதுவீர்கள்?” என்று கேட்டால்தான் அவருக்குச் சங்கடம்.

காஃப்காவைச் சொல்லாமல் விட முடியாது. பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. வீட்டில் அவர் அறை அப்பா அம்மா படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில். கதவு சாத்துகிற சத்தம், அடுப்புச் சத்தம், அப்பா நடக்கிற சத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான். அதை எழுதிப் பிரசுரமே செய்தார். அதனால் ராத்திரிதான் எழுத்து. 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு கதையை முழுசாக முடித்தார். கால்கள் மரத்துப்போய் மேஜைக்கு அடியிலிருந்து இழுக்க முடியவில்லை என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

கடைசியாக ஜேன் ஆஸ்டின். அவருக்கும் தனி அறை இல்லை. எல்லோரும் வந்து போகிற அறையில், சின்னச் சின்னத் தாள்களில் எழுதுவார், ஆள் வந்தால் சட்டென்று மறைக்க வசதியாக. அந்த அறைக்குப் போகும் வழியில் ஒரு கதவு கிறீச்சிடும். அதைச் சரிசெய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், யாரோ வருகிறார்கள் என்று அது முன்கூட்டியே சொல்லும் என்பதால். அவருடைய அண்ணன் மகன் எழுதிவைத்த செய்தி இது. அந்தச் சத்தம் அவருக்குத் தொல்லையாக இல்லை. அது காவலுக்கு இருந்தது.

சகோதரரே, இடம்தான் பிரச்சினை என்றால் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் காலையில் உட்கார்ந்து பாருங்கள். 1949 இல் தி.மு.க. தொடக்கக் கூட்டம் மழையில் நடந்த பூங்கா. மாதவரத்திலிருந்து தூரம் என்றால் கொளத்தூரில் 2024 இல் திறந்த முதல்வர் படைப்பகம் பக்கம், படிக்கவும் வேலை பார்க்கவும் இடம் தருகிற பொதுக் கூடம் அது. அமைதியாக இருக்கும். ஆனால் அமைதி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

சுவரொட்டி | செவ்வாய், மாலை 5.40

என் பழக்கத்தையும் சொல்கிறேன். பாத்திரத்துக்குப் பெயர் எனக்குத் தோன்றாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்த்து எடுப்பேன். வியாசர்பாடி, மூலக்கொத்தளம் சுவர்களில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பட்டப்பெயரும் போடுவார்கள். அந்த ஒரு பட்டப்பெயரில் ஒரு வாழ்க்கை இருக்கும். வேலை, உடம்பு, நண்பர்கள் வைத்த கிண்டல், எல்லாம். வண்டியை நிறுத்திக் குறித்துக்கொள்வேன். நோட்டு நிறைய இருக்கிறது.

கல்மண்டபம் | செவ்வாய், இரவு 8.50

சுவரொட்டி தோழருக்கு. கோபத்தில் எழுதவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா போஸ்டரிலும் அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்தது. வீட்டில் நாங்கள் அந்தப் பெயரைச் சொல்லியதே இல்லை. அது அவருடைய வேலை இடத்துப் பெயர், அந்தச் சிநேகிதர்களுக்குச் சொந்தம். போஸ்டர் அடித்தவர்களும் அவர்கள்தான். அப்பா போன நாலாம் மாதம் ஒரு கதையில் அதே பெயர், ஒரு குடிகாரனுக்கு. எழுதியவர் நீங்களா வேறு யாரோ, எனக்குத் தெரியாது. அப்பா குடித்ததில்லை. அம்மா படிக்கத் தெரியாதவர் என்பது அன்றைக்கு ஒரு ஆறுதலாக இருந்தது.

நாம் எல்லோரும் பழக்கம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். சில பழக்கம் நம்மோடு முடிந்துவிடும். தாள், பேனா, நூல், அட்டை, யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொருவர் வீட்டுக்குள் கை நீளுகிற பழக்கம் வேறு. ஒட்டுக்கேட்பதும் அப்படித்தான். நானும் செய்கிறேன். மின்சார ரயிலில் காது கொடுத்து, பேச்சைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் அப்பாவுக்கு நடந்த பிறகு ஒரு விதி வைத்துக்கொண்டேன். பேச்சின் ஓட்டத்தை எடுப்பேன், சொன்னவரை அடையாளம் காட்டுகிற சொல்லை எடுக்க மாட்டேன்.

சுவரொட்டி | செவ்வாய், இரவு 11.05

அந்தக் கதை என்னுடையது அல்ல. ஆனால் என்னுடையதாக இருந்திருக்கலாம், அதனால் மன்னிப்புக் கேட்கிறேன். போஸ்டர் பொதுச் சுவரில் இருப்பதால் பெயரும் பொது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அச்சுக்குப் போக இருந்த ஒரு கதையில் இரண்டு பெயர்களை இப்போதுதான் மாற்றினேன். மாற்றியதில் ஒன்று சரியாக உட்காரவில்லை. பரவாயில்லை, உட்கார வைக்கிறேன்.

தடைக்காலம் | புதன், காலை 5.15

கல்மண்டபம் அண்ணா, உங்கள் அப்பா எந்த வருடம் துறைமுகத்தில் இருந்தார்? என் பெரியப்பாவும் மூட்டை வேலைதான். தனியாகப் பேசுவோம்.

மூன்றாமாண்டு | புதன், மதியம் 1.30

நான் கல்லூரியில் உளவியல் படிக்கிறேன். எழுத ஆரம்பித்து ஒரு வருடம்தான், பெரியவர்கள் நடுவில் ஒரு சின்னத் தகவல். 1975 இல் கோடன், பேட்லி என்ற இரண்டு பேர் முக்குளிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தண்ணீருக்கு அடியில் மனப்பாடம் செய்த சொற்கள் கரையில் நினைவு வருவதைவிடத் தண்ணீருக்கு அடியிலேயே நன்றாக நினைவு வந்தன. கற்ற இடமும் நினைவோடு ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு இதைத்தான் வகுப்பில் உதாரணம் சொல்வார்கள். நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அண்மையில் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆகவே படியில் வந்தது அறையில் வராது என்று விஞ்ஞானம் உறுதியாகச் சொல்லிவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்கு இதில் தோன்றுவது ஒன்று. இடம் என்பது சுவரும் படியும் மட்டும் இல்லை. அங்கே கேட்ட சத்தம், இருந்த வாசனை, பக்கத்தில் யார் இருந்தார்கள், எல்லாம் சேர்ந்ததுதான். ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மேஜை டிராயரில் அழுகின ஆப்பிளை வைத்திருந்தார், அந்த வாசனை இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது என்று அவருடைய நண்பரான கவிஞர் கேத்தே சொல்லியிருக்கிறார். மாமா, உங்கள் பழைய படியில் என்ன கேட்கும், என்ன மணக்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்களேன். கதையாக வேண்டாம். பட்டியலாக.

ஸ்டோர்வீடு | மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 12.40

தாமதத்துக்கு மன்னிக்கவும். என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கடிகாரம் வைத்து ஒன்பது நாள் உட்கார்ந்தேன் ஐயா. சொல் வந்தது. தினம் ஒன்றரைப் பக்கம். ஆனால் ஓரத்தில் கோடு போடக் கை ஓடவில்லை. எல்லாம் வேறு யாரோ எழுதியது போல இருந்தது. தாள்களைக் கிழிக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

பிறகு இங்கேயும் மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். ஃபிளாட் படிக்கட்டில் ஆள் அசைந்தால் எரிகிற விளக்கு. எழுதும்போது நான் அசைவதில்லை, அது அணைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டினால் எரியும். ஒரு வரிக்கு இரண்டு தடவை. நாலாம் நாள் வாட்ச்மேன் மேலே வந்து, வீட்டில் ஏதாவது சண்டையா சார் என்று ரொம்ப அக்கறையாகக் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

அப்புறம் மூன்றாமாண்டு தங்கச்சி சொன்ன பட்டியல். உட்கார்ந்து எழுதினேன். அடிபம்பு சொட்டுகிற சத்தம். எதிர்க் குடித்தனத்து டேபிள் ஃபேன். கொருக்குப்பேட்டை யார்டில் கூட்ஸ் வண்டி ஒன்றோடு ஒன்று மோதிக்கொள்கிற சத்தம். எண்ணெய்க் கடை வாசனை. அம்மாவின் இருமல். மகள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பது. மனைவி புரண்டு படுக்கும்போது வளையல். இந்த மூன்றையும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டேன். எல்லாம் பாதி திறந்த கதவுக்கு உள்ளேயிருந்து வந்தவை. பதினான்கு வருடம் அவற்றை முதுகால் கேட்டுக்கொண்டு எழுதியிருக்கிறேன், கேட்கிறேன் என்பதே தெரியாமல். அம்மாவின் இருமல் நின்று மூச்சு சீராகிவிட்டால், இனி எழுதலாம் என்று கை தானாகத் தாளை எடுக்கும். இங்கே கதவைச் சாத்தினால் ஒன்றும் கேட்பதில்லை. நல்ல தேக்குக் கதவு.

பட்டியலை மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இங்க வந்ததுலேர்ந்து எனக்கும் தூக்கம் சரியில்ல. அங்க படி வெளிச்சம் ஒரு கோடா உள்ள வந்து விழும், நீ தாளத் திருப்புற சத்தம் கேக்கும். அது கேட்டாத்தான் நான் தூங்குவேன்.” இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கிளைநூலகம் அம்மா, உங்கள் கிறீச்சிடும் கதவை நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளியிலிருந்து அறைக் கதவைத் திறந்து வைத்து எழுதுகிறேன். அவர்களும் படுக்கையறைக் கதவைச் சாத்துவதில்லை. நாற்காலியை வாசலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டாயிற்று. முதல் இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் ஒரு கோடு. நேற்று நான்கு. ஐந்தாவது வந்துவிடும் போல இருந்தது, அம்மா தண்ணீர் கேட்டார்கள், எழுந்து போனேன். திரும்பி வந்தபோதும் அது போகாமல் நின்றது.

காற்றில் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. அதனால் பழைய டேலி ஷீட் கட்டு ஒன்றை நூல் போட்டுக் கட்டி அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். மகள் ஒட்டிய காகிதம் இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது, வெளியிலிருந்து தெரியாது. நாளைக் காலை அவளிடம் கேட்டு இந்தப் பக்கம் ஒட்ட வேண்டும்.